உழைப்பாளர் கூட்டமைப்பும் ஊர் நலனும்: அனத்தோலிய அஹிகளின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

தர்மம் என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவது ஒரு செல்வந்தரின் உருவமே. பள்ளிவாசலுக்கு மராமத்துச் செய்ய வேண்டுமா, ஏழைக் குமருக்கு நிக்காஹ் முடிக்க வேண்டுமா, ஊரில் வசதி படைத்த நாலைந்து பேரின் வாசலையே நாம் நாடுகின்றோம். அவர்கள் கொடுத்தால் காரியம் நடக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும். கொடுப்பது அவர்கள் கடமை, பார்ப்பது நம் கடமை என்பது போல மற்றவர்கள் ஒதுங்கி நிற்கின்றோம்.

ஆனால் இஸ்லாமிய வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால் இதற்கு மாறான ஒரு காட்சி தென்படுகின்றது. செருப்புத் தைப்பவரும், தோல் பதனிடுபவரும், ரொட்டி சுடுபவரும், சேணம் செய்பவரும் ஆகிய கைத்தொழிலாளர்கள், தத்தம் தொழிலின் பெயரால் ஒன்றுகூடி, தம் அன்றாடக் கூலியைக் கொண்டே ஊருக்கு வந்த வழிப்போக்கரையும் ஊரிலிருந்த ஏழையையும் தாங்கி நின்றார்கள். இன்றைய துருக்கியின் பெரும்பகுதியாகிய அனத்தோலியாவில் வாழ்ந்த அவர்களுக்கு 'அஹிகள்' என்று பெயர். அவர்களின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் ஜமாஅத்தார்களின் சிந்தனைக்கு வைக்கின்றோம்.

ஃபுதுவ்வத் என்னும் பண்பு

அரபு மொழியில் 'ஃபதா' என்றால் இளைஞன் என்று பொருள். சிலைகளை உடைத்தெறிந்த நபி இப்ராஹீம் (அலை) அவர்களைக் குறித்தும், ஈமானைக் காத்துக்கொள்ளக் குகையில் ஒதுங்கிய இளைஞர்களைக் குறித்தும் திருக்குர்ஆன் இச்சொல்லை ஆண்டுள்ளது. இதிலிருந்து பிறந்ததே 'ஃபுதுவ்வத்' என்னும் சொல். வீரம், வாக்குத் தவறாமை, விருந்தோம்பல், தன்னைவிடப் பிறரை முற்படுத்தும் ஈஸார் ஆகிய குணங்கள் ஒருங்கே அமைந்த வாழ்க்கை நெறியையே இச்சொல் குறிக்கின்றது.

அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் லிதீனில்லாஹ் (ஆட்சி: 1180–1225) அவர்கள், அங்குமிங்கும் சிதறிக் கிடந்த ஃபுதுவ்வத் குழுக்களை ஒழுங்குபடுத்தித் தமது தலைமையின்கீழ்க் கொண்டுவந்தார்கள். 1221ஆம் ஆண்டளவில், மாபெரும் சூஃபி ஞானி ஷைகு ஷிஹாபுத்தீன் உமர் ஸுஹ்ரவர்தீ (ரஹ்) அவர்களைக் கலீஃபாவின் தூதராகக் கோன்யா நகருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸல்ஜூக் சுல்தான் முதலாம் அலாவுத்தீன் கைகுபாத் ஆட்சி செய்து கொண்டிருந்தார். பக்தாதின் அரண்மனையிலும் கானகாஹ்களிலும் வளர்ந்த இந்நெறி, அனத்தோலியாவின் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் புதிய கோலம் பூண்டது. உளியும் ஊசியும் ஏந்திய கைகளுக்கு உரியதாக அது மாறியது.

பேரிடர் பெற்றெடுத்த சகோதரத்துவம்

1243ஆம் ஆண்டு கோஸெ தாக் என்னுமிடத்தில் நடந்த போரில் மங்கோலியர்களிடம் ஸல்ஜூக்கியர் தோற்றனர். 1258இல் பக்தாதும் வீழ்ந்தது. துர்கிஸ்தானிலிருந்தும் குராஸானிலிருந்தும் உயிருக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் அனத்தோலிய நகரங்களில் குடியேறினார்கள். அவர்களுள் ஆலிம்களும் இருந்தனர், கைவினைஞர்களும் இருந்தனர். மத்திய ஆட்சி தளர்ந்து, வரி வசூலிக்க மட்டுமே அதிகாரிகள் வந்து கொண்டிருந்த காலம் அது. அகதிக்கு யார் சோறு போடுவது? அனாதைச் சிறுவனுக்கு யார் தொழில் கற்றுக் கொடுப்பது? கேட்பாரற்று இறந்தவரை யார் அடக்கம் செய்வது?

இக்கேள்விகளுக்கு விடையாக எழுந்தவர்களே அஹிகள். 'அஹீ' என்றால் அரபியில் 'என் சகோதரன்' என்று பொருள். ஒரு தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடித் தம்மில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவரே அந்த அஹி. அவருடைய பொறுப்பில் 'ஸாவியா' எனப்படும் தங்குமிடம் ஒன்று கட்டப்படும். நம் பகுதித் தைக்காக்களைப் போலத் தொழுகையும் திக்ரும் உணவும் உறக்கமும் நடைபெறும் இடம் அது.

தோல் பதனிடும் தொழிலாளராகிய அஹி எவ்ரான் (ரஹ்) அவர்களையே இவ்வியக்கத்தின் தந்தையாக மரபு போற்றுகின்றது. ஈரானின் கோய் நகரைச் சேர்ந்த அவர்கள், 13ஆம் நூற்றாண்டில் கீர்ஷெஹிர் என்னும் ஊரில் நிலைபெற்றார்கள் என்று மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. அன்னாரின் அடக்கத்தலமும் அவர்களின் பெயரால் அமைந்த பள்ளிவாசலும் இன்றும் அவ்வூரில் உள்ளன. துர்நாற்றத்தின் காரணமாக ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்படும் தொழில், தோல் பதனிடுதல். அத்தொழிலைச் செய்த ஒருவரைத்தான் பிற்காலத்தில் அனத்தோலியாவின் எண்ணற்ற தொழிற்குழுக்கள் தம் பெரியாராக ஏற்றுக்கொண்டன. ஹலாலான உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இச்சேவையில் பெண்களுக்கும் பங்கு இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய வரலாற்றாசிரியர் ஆஷிக் பாஷா ஸாதா, ரூம் நாட்டின் அஹிகளைக் குறிப்பிடும் இடத்திலேயே 'ரூம் நாட்டுச் சகோதரிகள்' என்னும் பெண்கள் குழுவையும் சேர்த்துக் குறிப்பிடுகின்றார்.

இப்னு பதூதா கண்ட காட்சி

அஹிகளைப் பற்றிய மிகத் தெளிவான செய்திகளை நமக்குத் தந்தவர் தன்ஜா நகரத்து அறிஞர் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள். 1325இல் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்ட அவர்கள், 1330களின் தொடக்கத்தில் அனத்தோலியாவைச் சுற்றி வந்தார்கள். பிற்காலத்தில் நம் தமிழகக் கரையிலும் இறங்கி மதுரை வரை வந்தவர்களும் அவர்களே. அனத்தோலியாவில் ஊருக்கு ஊர் அவர்கள் தங்கியவை பெரும்பாலும் அஹிகளின் ஸாவியாக்களே.

அன்தாலியா நகரில் அவர்கள் தங்கியிருந்தபோது, நைந்த ஆடையும் தலையில் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, தம்மிடம் விருந்துண்ண வருமாறு அழைத்தார். துருக்கி மொழியில் அவர் கூறியது இப்னு பதூதாவுக்குப் புரியவில்லை. பிறர் விளக்கியபின், 'இவரே ஏழை. நம் கூட்டத்தாருக்கு இவர் எப்படி விருந்தளிப்பார்?' என்று வியந்தார்கள். அருகிலிருந்தவர் சிரித்துவிட்டு உண்மையை விளக்கினார். வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பல தொழில்களைச் சேர்ந்த சுமார் 200 பேர் அவரைத் தலைவராக ஏற்றிருந்தனர். விருந்தினருக்கென்றே ஒரு ஸாவியாவைக் கட்டி வைத்திருந்தனர். பின்னர் அங்கே சென்ற இப்னு பதூதா கண்டது அழகிய விரிப்புகளும் ஈராக்கியக் கண்ணாடி விளக்குகளும் நிறைந்த கூடத்தை. இளைஞர்கள் வரிசையாக நின்று பணிவிடை செய்தார்கள். உணவும் பழங்களும் இனிப்புகளும் வந்தன.

அவர்களின் நடைமுறை என்ன தெரியுமா? பகல் முழுவதும் ஒவ்வொருவரும் தம் தொழிலைச் செய்வார்கள். அஸர் தொழுகைக்குப் பின் அன்றைய வருமானத்தைக் கொண்டுவந்து தலைவரிடம் சேர்ப்பார்கள். அப்பணத்தில் ஸாவியாவுக்கு வேண்டிய உணவுப் பொருள்கள் வாங்கப்படும். அன்று முஸாபிர் எவரேனும் வந்தால் அந்த உணவு அவருக்கு விருந்தாகும். ஊரை விட்டுப் புறப்படும் வரை அவர் அவர்களின் விருந்தாளி. யாரும் வராவிட்டால் தாங்களே கூடியுண்டு மகிழ்வார்கள். மறுநாள் காலை மீண்டும் தொழிலுக்குப் போவார்கள்.

லாதிக் நகரில் நடந்தது இன்னும் சுவையானது. (இன்று தெனிஸ்லி எனப்படும் ஊர் அது.) இப்னு பதூதா கடைத்தெருவில் நுழைந்ததும், கடைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து அவர்களின் குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தனர். வேறு சிலர் வந்து தடுத்தனர். வாக்குவாதம் முற்றிக் கத்திகள் உருவப்பட்டன. வழிப்பறிக் கொள்ளையரிடம் சிக்கிவிட்டோம் என்றே இப்னு பதூதா அஞ்சினார்கள். அரபி அறிந்த ஹாஜி ஒருவர் வந்து விளக்கிய பிறகே, இவர்கள் அஹி ஸினான், அஹி தூமான் என்னும் இருவரின் குழுவினர் என்பதும், விருந்தாளியை யார் அழைத்துச் செல்வது என்பதே சண்டை என்பதும் தெரிந்தது. முடிவில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, முதலில் ஸினானிடமும் பின்னர் தூமானிடமும் தங்குவதென்று சமாதானமாயிற்று. ஸினானின் குழுவினர் விருந்தினரைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, தாங்களே நின்று பணிவிடை செய்தனர்; உணவுக்குப் பின் குர்ஆன் ஓதப்பட்டது.

கத்தியை உருவியதை நாம் புகழவில்லை. நற்செயலிலும் குழுப்போட்டி வந்துவிட்டால் அது கைகலப்பில் முடியலாம் என்பதற்கும் இந்நிகழ்ச்சியே சான்று. ஆயினும், முன்பின் அறியாத வழிப்போக்கருக்குச் சேவை செய்வதைத் தம் உரிமையாகக் கருதிப் போட்டியிட்ட ஒரு மக்கள் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள்! அவர்கள் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. சமைத்தார்கள், விளக்கேற்றினார்கள், விருந்தினரின் கால்நடைகளைப் பராமரித்தார்கள், குளிப்பதற்கு வெந்நீர் தந்தார்கள். போலு நகரின் ஸாவியாவில் குளிர்காலம் முழுவதும் மூலைக்கு மூலை கணப்பு அணையாமல் எரிந்து கொண்டிருந்ததையும் இப்னு பதூதா பதிவு செய்துள்ளார்கள். பனியில் நடுங்கி வருபவருக்கு அக்கணப்பு உணவுக்கு நிகரான தர்மமன்றோ!

சுல்தான் இல்லாத ஊர்களில் அஹியே ஊர்த்தலைவராக இருந்து நிர்வாகத்தைக் கவனித்தார் என்றும் அவர்கள் எழுதியுள்ளார்கள். சேவை செய்தவர்களிடமே மக்கள் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

தொழிலின் நேர்மையே தர்மத்தின் அடித்தளம்

அஹிகளிடம் 'ஃபுதுவ்வத் நாமா' எனப்படும் நெறிநூல்கள் இருந்தன. புதிதாகச் சேருபவர் ஒரு வழித்தந்தையையும் இரண்டு வழிச்சகோதரர்களையும் பெறுவார். தொழிலும் ஒழுக்கமும் அவருக்கு ஒருங்கே கற்பிக்கப்படும். மாணவன், உதவியாளர், உஸ்தாது என்று படிப்படியாக உயர்ந்து, இறுதியில் இடுப்பில் கச்சை கட்டும் சடங்கோடு உஸ்தாதாக ஏற்றுக்கொள்ளப்படுவார். கையும் வாசலும் உணவு விரிப்பும் திறந்திருக்க வேண்டும். கண்ணும் நாவும் இச்சையும் அடங்கியிருக்க வேண்டும் என்பது அவர்களின் அடிப்படைப் பாடமாக வழங்கி வந்தது.

தரக்குறைவான பொருளை விற்றவர் தொழிற்குழுவின் விசாரணைக்கு உள்ளானார். துருக்கி மொழியில் ஒருவர் மதிப்பிழந்து போவதைக் குறிக்க 'அவருடைய செருப்பு கூரைமேல் எறியப்பட்டது' என்று இன்றும் சொல்வார்கள். மோசமாகச் செருப்புத் தைத்தவரின் சரக்கை எல்லோரும் காணும்படி அவர் கடையின் கூரைமேல் எறிந்த வழக்கத்திலிருந்து இச்சொல் வந்தது என்பர்.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. அளவையில் மோசடி செய்து சேர்த்த பணத்தில் அன்னதானம் செய்வதை அவர்கள் தர்மமாகக் கருதவில்லை. முதலில் சரக்கு சரியாக இருக்க வேண்டும், பிறகே ஈகை. வாங்குபவருக்குச் செய்யும் நீதியே முதல் ஸதகா என்பது அவர்களின் நடைமுறை நமக்கு உணர்த்தும் பாடம்.

ஆறு பைகளில் ஒரு பொதுநிதி

உஸ்மானியர் ஆட்சி நிலைபெற்றபின், அஹி மரபு நகரத் தொழிற்குழுக்களாக வளர்ச்சி பெற்றது. 1638இல் சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் இஸ்தான்பூலின் தொழிற்குழுக்கள் அனைத்தும் தத்தம் கருவிகளோடு அணிவகுத்துச் சென்ற ஊர்வலத்தைப் பயணி எவ்லியா செலபி விரிவாக வருணித்துள்ளார். பல குழுக்களில் முஸ்லிம்களோடு கிறிஸ்தவரும் யூதரும் அங்கம் வகித்தனர்.

ஒவ்வொரு குழுவும் ஒரு பொதுநிதிப் பெட்டியை வைத்திருந்தது. உஸ்தாதுகள் தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தினர். ஒரு மாணவன் உதவியாளராகவோ, உதவியாளர் உஸ்தாதாகவோ உயர்வு பெறும் வேளையில் ஒரு தொகை செலுத்தப்பட்டது. மரண சாசனமாக எழுதி வைக்கப்பட்டவையும் அதில் சேர்ந்தன. நோயுற்றுத் தொழில் செய்ய இயலாதவருக்கு உதவி, முதலின்றித் தவிப்பவருக்குக் கடன், ஏழையின் ஜனாஸாச் செலவு, வறியவருக்கு உணவு, ரமளானில் குர்ஆன் ஓதுதல் ஆகியவற்றுக்கு அந்நிதி செலவாயிற்று. 'அவாரிஸ்' எனப்பட்ட அவசர வரியைச் செலுத்த இயலாத ஏழைகளுக்காக அதைச் செலுத்திவிடும் வக்ஃபுகளும் தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் இருந்தன.

கணக்கு வைத்த முறைதான் நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. இஸ்தான்பூலின் தொழிற்குழுப் பெட்டிக்குள் ஆறு பைகள் இருக்கும் என்று கூறப்படுகின்றது. பட்டுப் பையில் வக்ஃபுப் பத்திரங்கள். பச்சைப் பையில் குழுவுக்குச் சொந்தமான மனை, கட்டடங்களின் ஆவணங்கள். பின்னல் பையில் ரொக்கம். சிவப்புப் பையில் கடன் கொடுத்ததற்கான சீட்டுகள். வெள்ளைப் பையில் செலவுச் சீட்டுகள். கறுப்புப் பையில் இனித் திரும்பி வராத கடன்களின் சீட்டுகள்.

அந்தக் கறுப்புப் பையைச் சற்றுச் சிந்தியுங்கள். வராத கடன் மறைக்கப்படவுமில்லை, வாங்கியவர் வீதியில் இழிவுபடுத்தப்படவுமில்லை. அதற்கும் கணக்கில் ஓர் இடம் இருந்தது. பொதுப்பணத்தைக் கையாளுவோருக்கு இதைவிடச் சிறந்த அமானிதப் பாடம் ஏது?

இந்நிதியைக் குறித்து மார்க்கச் சர்ச்சையும் எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்வதைப் போல ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்யலாமா, அதனைக் கடனாகக் கொடுத்து மேற்கொண்டு ஒரு தொகை பெறலாமா என்பதே பிரச்சினை. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத் எஃபெந்தி அவர்கள், மக்களின் நடைமுறையையும் ஏழைகளின் நலனையும் கருதிப் பண வக்ஃபை ஆதரித்தார்கள். இமாம் பிர்கிவீ அவர்களோ வட்டியின் வாசலை அது திறந்துவிடும் என்று கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். நல்ல நோக்கம் மட்டும் போதாது, பணம் வரும் வழியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேள்வி கேட்டதும், அக்கேள்விக்குச் செவி சாய்த்த ஒரு சமுதாயம் இருந்ததும் அக்காலத்தின் சிறப்பாகும்.

தளர்ச்சியும் காரணமும்

இத்துணைச் சிறந்த அமைப்பு ஏன் நிலைக்கவில்லை? வெளிக்காரணம் ஒன்று. 1838இல் பிரிட்டனோடு ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கைக்குப் பின், ஐரோப்பிய ஆலைகளின் மலிவுச் சரக்குகள் உஸ்மானியச் சந்தைகளில் குவிந்தன. கைத்தறியாளரும் கைவினைஞரும் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. உட்காரணம் மற்றொன்று. 18ஆம் நூற்றாண்டு முதல், இத்தனை பேர்தான் கடை வைக்கலாம் என்று எல்லை வகுக்கும் 'கெதிக்' உரிமை வலுப்பெற்றது. அவ்வுரிமை வாரிசுச் சொத்தாகவும் விலைபொருளாகவும் மாறியது. வழிப்போக்கருக்குத் திறந்திருந்த வாசல், உள்ளூர் உழைப்பாளிக்கே அடைபடலாயிற்று. ஊருக்காக எழுந்த கூட்டமைப்பு, உறுப்பினரின் இலாபத்தைக் காக்கும் வேலியாகச் சுருங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிற்குழுக்கள் சட்டப்படி முடிவுக்கு வந்தன.

ஆயினும் அஹிகளின் நினைவு மறையவில்லை. துருக்கியில் வணிகரும் கைவினைஞரும் ஆண்டுதோறும் அஹி வாரத்தைக் கொண்டாடுகின்றனர். கீர்ஷெஹிரில் 2006இல் தோன்றிய பல்கலைக்கழகம் அந்தத் தோல் தொழிலாளியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நமக்குரிய படிப்பினை

தோல் தொழிலும் ஈகையும் இணைந்த வரலாறு நம் மாநிலத்திற்கும் புதியதன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்ததில் தோல் வணிகப் பெருமக்களின் பங்கை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் அஹிகளின் வரலாறு நம்மிடம் கேட்பது இன்னும் ஒரு படி மேலானது. பெருவணிகர் கொடுத்துவிட்டார் என்று மற்றவர் ஓய்ந்திருக்கலாகாது என்பதே அது.

நம் மஹல்லாவில் தையற்காரர்கள் இருக்கின்றார்கள். கொத்தனார்கள், மின்பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், கணக்கர்கள் இருக்கின்றார்கள். ஒவ்வொரு தொழிலாரும் தம்முள் ஒன்றுகூடி, 'எங்கள் தொழிலால் இவ்வூருக்கு இதைச் செய்வோம்' என்று பொறுப்பேற்றால் எவ்வளவு நன்மை விளையும்! மின்பணியாளர்கள் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விதவைகளின் வீட்டு ஒயரிங்கைச் சரிபார்க்கலாம். ஆசிரியர்கள் மக்ரிபுக்குப் பின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆட்டோ ஓட்டுநர்கள் முறை வைத்து இரவில் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். கணக்கர்கள் பைத்துல்மாலின் வரவு செலவைத் தணிக்கை செய்து, கறுப்புப் பை உட்பட எல்லாப் பைகளையும் ஜமாஅத்தார்களின் முன் திறந்து வைக்கலாம். உதவி பெறுபவர் எம்மதத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் பொதுவானது.

இதற்குச் செல்வம் தேவையில்லை. அன்தாலியாவின் அந்தச் செருப்புத் தொழிலாளியிடம் நல்ல ஆடைகூட இருக்கவில்லை. நம்பிக்கைக்குரிய 200 தோழர்களும், அஸருக்குப் பின் தவறாமல் திறந்த கைகளுமே அவருடைய சொத்து. அப்படிப்பட்ட கைகளை நம் மஹல்லாவிலும் வல்ல அல்லாஹ் உருவாக்குவானாக! நம் உழைப்பை ஹலாலாகவும், நம் ஈகையை முகஸ்துதியற்றதாகவும், நம் கணக்கை இம்மையிலும் மறுமையிலும் எளிதானதாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.